வார் இல்லாத உறை

சட்டையை வாளித் தண்ணீரில் அமுக்குவதற்கு முன்னால் பையைத் தடவிப் பார்ப்பது பவுனுக்குப் பழக்கம். பீடித்துண்டு, கசங்கிய பஸ் டிக்கெட்டு, காயாத ஏலக்காய் நாலைந்து என்று ஏதாவது அகப்படும். அந்தத் திங்கட்கிழமை காலையில் அகப்பட்டது டார்ச்.

"அட கிறுக்குப் பிடிச்ச மனுசா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

விடியுமுன் கிளம்பிப் போன புருசன் சங்கிலி அதற்குள் மலையேறிக் கம்பம் மெட்டு தாண்டியிருப்பான். புதுச் சட்டையை எடுத்துக் கொடுத்தது அவள்தான். "இதப் போட்டுக்கங்க, அது வேர்வை நாத்தம் அடிக்குது" என்று பழைய சட்டையைப் பிடுங்கிக் கொடியில் போட்டதும் அவள்தான். டார்ச் அந்தப் பழைய சட்டையின் பையிலேயே தங்கிவிட்டது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்துப் பார்த்தாள். ஒரு சாண்கூட இல்லாத சாமான். கறுத்த உலோக உடம்பு, பிடிக்கிற இடத்தில் சொரசொரவென்று கீறல், தலையைத் திருகினால் எரியும், இன்னும் திருகினால் வெளிச்சம் ஊசிமுனையாகக் குவியும். கையில் கனம் தெரியும். மலிவான சாமானில்லை என்று அந்தக் கனமே சொல்லும்.

அது வந்த கதை கோம்பையில் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். சவூதியிலிருந்து லீவில் வந்த உத்தமபாளையம் ரியாசுதீன் அதை ஒரு சொம்புத் தண்ணீருக்குள் போட்டு, தண்ணீருக்குள்ளேயே எரிவதைக் காட்டினான். "அமெரிக்காவுல செஞ்சதுக்கா. மலை உச்சியில நின்னு அடிச்சா இங்கன ஒங்க மொட்டமாடியில தெரியும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பவுனு தன் இரண்டு கிடாய்களையும் சந்தைக்கு ஓட்டிப் போனாள். டார்ச்சை முதன்முதலில் கையில் வாங்கிய சங்கிலி அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, ரெண்டு கெடாய முழுங்கிட்டு இம்புட்டு ஒல்லியாவா இருக்கு இது?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரித்தது.

கோம்பைக்கு மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. அதன் விளிம்புக்கு அந்தப் பக்கம் கேரளா, ஏலக்காடு. ராமக்கல்மேட்டுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோருக்கு சங்கிலிதான் பொறுப்பு. சனிக்கிழமை இறங்குவான், திங்கட்கிழமை ஏறுவான். மற்ற நாட்களில் பொழுது இறங்கியதும் மலை விளிம்பில் இருக்கிற பாறைக்கு வந்து நின்று, கீழே ஊரைப் பார்த்து மூன்று தரம் டார்ச் அடிப்பான். நல்லா இருக்கேன், சாப்பிட்டாச்சு, கவலைப்படாதே. இதுதான் அர்த்தம் என்று இரண்டு பேரும் பேசி வைத்தது. பவுனு மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் தொங்குகிற குண்டு பல்பை மூன்று தரம் போட்டு அணைப்பாள். அது அவளுடைய பதில். எஸ்டேட்டில் போன் இல்லாமலில்லை. ஆனால் பூத்துக்குப் போய் வரிசையில் நின்று, மேனேஜர் எடுத்து, அவர் ஆளனுப்பி, 'என்ன, ஏது' என்று எல்லார் காதிலும் விழப் பேசுவதைவிட இதில் ஒரு சுகம் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கம்மாள் விடமாட்டாள். "என்னடி, ஒம் புருசன் மலையில இருந்து கண்ணடிச்சுட்டானா?" என்பாள் கீழேயிருந்து. "எங்க வீட்டுல ஒண்ணு பக்கத்துலயே படுத்துக் கெடக்கு, ஒரு நாளு ஏறிட்டுப் பாத்ததில்ல."

கொஞ்ச காலமாக மூன்றுக்குப் பிறகு நாலாவதாக ஒன்றும் வர ஆரம்பித்திருந்தது. சற்றுப் பொறுத்து, சின்னதாக, இருக்கட்டுமா வேண்டாமா என்பது போல ஒரு பொறி. ஒரு சனிக்கிழமை சோறு போடும்போது அவளே கேட்டாள். "அதென்ன நாலாவதா ஒண்ணு?" சங்கிலி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் ஒரு கணம் நிறுத்தி, "அது ஒனக்குன்னு தனியா" என்றான். கல்யாணமாகிப் பதினெட்டு வருசம். பிள்ளை இல்லை. அந்த வயதில் இப்படி ஒரு பேச்சு. அன்றைக்குக் குழம்பை இரண்டாம் முறையும் அவளாகவே ஊற்றினாள்.

இப்போது டார்ச் கீழே, ஆள் மேலே. சாயங்காலம் என்ன செய்வான்? எஸ்டேட்டில் இருக்கிற அஞ்சு கட்டை டார்ச்சுகூட கீழே எட்டாது என்று அவனேதான் சொல்லியிருக்கிறான். 'நீ வாங்கிக் குடுத்தது மட்டுந்தான் புள்ள எட்டுது.' நினைக்க நினைக்க அவளுக்குப் பரபரவென்று வந்தது. மத்தியானம் கம்பத்திலிருந்து ஏறுகிற ஜேசுராஜ் ஜீப்பில் கொடுத்துவிட்டால் பொழுது இறங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். கொடுத்துவிடுவதுதான் கொடுத்துவிடுகிறோம், ஒரு உறையும் போட்டே கொடுத்துவிட்டால் என்ன? 'பை கிழியுது, குனிஞ்சா விழுந்துருது, இதுக்கு ஒரு கவர் போடணும்' என்று அவன் சொல்லாத வாரமில்லை.

நனைத்த துணியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள். போகிற போக்கில் பருப்புப்பொடி டப்பா ஒன்றையும் மடியில் கட்டிக்கொண்டாள். அது தம்பி ஒச்சாண்டிக்கு. அவனும் அதே ஸ்டோரில்தான் வேலை. அக்கா சொல்லித்தான் மாமன் சேர்த்துவிட்டான். அம்மா செத்தபோது ஒச்சாண்டிக்குப் பால்பல்கூட விழவில்லை. பவுனு இடுப்பில் வளர்ந்தவன். பசித்தால் வாய் திறந்து கேட்கமாட்டான். வட்டிலை மூன்று தரம் தட்டுவான். அவள் வரத் தாமதமானால் கொஞ்சம் பொறுத்து, மெதுவாக இன்னொன்று. கோவிச்சுக்கிறாதக்கா என்பது போல. இப்போது மீசை முளைத்துவிட்டது, பொடிக்கு மட்டும் அக்கா வேண்டும்.

*

கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத்துச் சந்தில் அப்துல் சமது கடை. பெல்ட், பர்ஸ், கண்ணாடிக் கூடு, சூட்கேஸ் பூட்டு, கிழிந்த பைக்குத் தையல். முன்னால் சமது பாய் உட்கார்ந்து வியாபாரம் பேசுவார், பின்னால் அவர் மனைவி சாபிரா தையல் மிஷினில். கடையில் பாதிப் பேச்சு மிஷினுக்குப் பின்னாலிருந்துதான் வரும்.

"இதுக்கு ஒரு உறை வேணும் பாய். நல்லதா."

சமது பாய் டார்ச்சை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பவர் போல ஆட்டினார். "நல்ல சாமானுத்தா. இதக் கண்டதுல போட்டு வைக்கக்கூடாது." முதலில் ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்தார். தகரம், உள்ளே சிவப்பு வெல்வெட். டார்ச் உள்ளே போயிற்று, ஆனால் குலுக்கினால் லொடலொட என்றது.

"நடந்தா மாடு வர்ற மாதிரி சத்தம் கேக்குமே பாய்."

"அப்ப இது." ரெக்சின் பை, வாய்க்கு ஒட்டுப்பட்டை. பிரித்தால் பர்ரென்று கிழிகிற சத்தம். பவுனு முகத்தைச் சுளித்தாள். "மலையில மழை அடிச்சா ரெக்சினு ஊறிப் போகும். அவுக ஏலக்காட்டுல திரியிறவுக."

"கத்தி உறை ஒண்ணு கெடக்கு. அதத் தரவா?"

மிஷினுக்குப் பின்னாலிருந்து சாபிரா சிரித்தாள். "அவுக புருசனுக்குக் கேக்குறாக, நீங்க கறிக்கடைக்கு அனுப்பப் பாக்குறீக! இங்கன குடுங்க. தோலுல தைச்சுத் தர்றேன். உள்ள மெத்துன்னு ஃபிளானல் வச்சு, மேல மூடி, பிரஸ் பட்டன். பின்னாடி ஒரு வார், பெல்ட்டுல கோத்துக்கிட்டா ஓடுனாலும் விழாது."

அதுதான் பவுனுக்கு வேண்டியிருந்தது. தோல் துண்டுகளில் எது என்று பார்க்கவே நேரம் போயிற்று. கறுப்பு வேண்டாம், டார்ச்சும் கறுப்பு, ஏலக்காட்டு இருட்டில் கீழே விழுந்தால் தெரியாது. செம்பழுப்பில் ஒன்று, தடவினால் வழவழவென்று, மோந்து பார்த்தால் மழை விழுந்த மண் மாதிரி. அதைத்தான் எடுத்தாள். வார் எவ்வளவு அகலம் என்று சாபிரா கேட்டபோது தன் விரல்களைச் சேர்த்து வைத்து, "இம்புட்டு. அவுக பெல்ட்டு அகலப் பெல்ட்டு" என்று காட்டினாள். காட்டும்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"எரியிற பொத்தான் உறைக்குள்ள அமுங்குமா, திருகுறதான்னு பாத்துருவோம்" என்று சமது பாய் தலையைத் திருகினார். எரியவில்லை. இன்னும் திருகினார். பின்மூடியைக் கழற்றப் பார்த்தார். அசையவில்லை. துணியைச் சுற்றிக் குறடால் பிடித்து நெரித்தபோது நறநறவென்று திரும்பியது. உள்ளேயிருந்து வெள்ளையும் பச்சையுமாகப் பொடி கொட்டியது. இரண்டு பேட்டரியும் உப்பி, உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு கம்பியை விட்டுக் குத்தித்தான் வெளியே எடுத்தார்.

"பேட்டரி கசிஞ்சு இறுகிப் போச்சுத்தா. இது எரிஞ்சு ரொம்ப நாளாச்சு."

"இல்லையே பாய். போன வெள்ளிக்கெழம எரிஞ்சுச்சே."

"எங்கன?"

"மலையில. நான் எங்க மாடியில நின்னு பாத்தேனே."

சமது பாய் அவளைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பேட்டரியைப் பார்த்தார். மேலே போட்டிருந்த தேதியை வெளிச்சத்தில் பிடித்தார். "என்னத்தா சொல்றீக? இது போன வருச ஐப்பசி மழையிலயே போயிருக்கணும். இப்ப தை மாசம். அதுக்கப்புறம் ஒரு தடவகூட இதத் தெறக்கல. தெறந்திருந்தா இப்படி இறுகுமா?"

"வேற டார்ச்சா இருக்கும்" என்றாள் சாபிரா, மிஷினை நிறுத்தாமல்.

"ஆமா. வேறயா இருக்கும்" என்றாள் பவுனு.

சமது பாய் மண்ணெண்ணெய் தொட்டு உள்ளே துடைத்து, உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். பவுனு ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனது ஓடி ஓடி ஒரு சமாதானத்தைக் கொண்டு வந்தது. கெட்டுப்போனதைச் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று மறைத்திருப்பார். ரெண்டு கிடாயை விற்று வாங்கியதல்லவா. அதனால்தான் எரியாத டார்ச்சையும் வாராவாரம் பையில் போட்டுக்கொண்டு வந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் எடுத்து வைத்து, எஸ்டேட் டார்ச்சை வைத்து அடித்துவிட்டு, 'இது மட்டுந்தான் எட்டுது' என்றும் சொல்லி... பொய்தான். ஆனால் எவ்வளவு நல்ல பொய். அவளுக்குக் கண்ணே கலங்கியது. அவர் மனசு தெரியாமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தாள்.

"நீங்க தைச்சுக்கிட்டு இருங்கக்கா. நான் போயி ஜீப்ப நிப்பாட்டிட்டு வந்துர்றேன்" என்று எழுந்தாள்.

*

ராயப்பன்பட்டி ஜேசுராஜ் ஜீப்பின் மேல் ஏறி நின்று மூட்டைகளுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "அக்கா! என்ன இங்கன? மெட்டுக்கு வர்றீகளா? வாங்க, முன் சீட்டு ஒங்களுக்குத்தான்."

"நான் எங்க வர? ஒரு சாமான் குடுத்துவிடணும்ப்பா. தைச்சுக்கிட்டு இருக்காக. கொஞ்சம் பொறுத்துக் கெளம்புறியா?"

"ஆளு சேரணும்ல, நேரம் கெடக்கு. யாருக்கு, ஒச்சாண்டிக்கா?"

"பொடி டப்பா ஒச்சாண்டிக்கு. தைக்கிறது அண்ணனுக்கு."

"அப்ப டப்பாவ ஸ்டோருல எறக்கிர்றேன். அண்ணன் சாமானத் தூக்குப்பாலம் ஊருக்குள்ள வீட்டுலயே குடுத்துர்றேன். போற வழிதான."

"எந்த வீட்டுல?"

அவன் கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான். இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பேசினான். "அண்ணன் வீட்டுலதான்க்கா. சாயங்காலம் ஸ்டோருல அண்ணன் எங்க இருக்காக? அஞ்சு மணி அடிச்சா எறங்கிருவாகளே. பாப்பாவ விட்டுட்டு இருப்பு கொள்ளாது அவுகளுக்கு."

பவுனு பக்கத்தில் நின்ற மூட்டையின் காதைப் பிடித்துக்கொண்டாள். ஏலக்காய்க்குப் போடுகிற உர மூட்டை. அதன் நெடி மூக்கில் ஏறியது. என்ன பாப்பா, யார் பாப்பா என்று கேட்க வாய் திறந்தவள் கேட்கவில்லை. இத்தனை ஜனத்துக்கு நடுவில், எல்லாம் தெரிந்தவனிடம், ஒன்றும் தெரியாதவளாக நிற்பது எப்படி? அவள் குரல் அவளுக்கே அந்நியமாக, நிதானமாக வந்தது.

"பாப்பா நடக்குதா?"

"நடக்குறதா? ஓடுது! கயலு கயலுன்னு பின்னாடியே ஓடி அண்ணனுக்கு மூச்சு வாங்குது." ஜேசுராஜ் கீழே குதித்தான். கையைத் தட்டிக்கொண்டான். "காது குத்துக்கு நம்ம ஜீப்புதான்க்கா போச்சு. ஒச்சாண்டி மடியில ஒக்கார வச்சுக் குத்துனாக. அது அழுத அழுகையில இவனும் சேந்து அழுறான், என்னத்தச் சொல்ல! பாப்பாவோட அம்மா, அந்த அக்காவுக்குக் கூடப்பொறந்த ஆம்பள யாருமில்லயில்ல. தாய்மாமன் மடிக்கு எங்க போவாக?"

பவுனு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீக" என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "மொதல்ல எனக்கு ஒங்கள நெனச்சுத்தான் வேதனையா இருந்துச்சு. ஒங்களுக்குத் தெரியாம நடக்குதோன்னு. பெறகு ஒச்சாண்டி மடியில ஒக்காந்தானா, அப்பத்தான் மனசு ஆறுச்சு. அக்கா சொல்லாம தம்பி மடி குடுப்பானா? எல்லாம் நீங்க சம்மதிச்சுத்தான்னு புரிஞ்சுக்கிட்டேன். பெரிய மனசுக்கா ஒங்களுக்கு. எங்க வீட்டுலகூட அதத்தான் சொன்னேன்."

அவன் முகத்தில் கள்ளமில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. கேலியாகப் பார்த்திருந்தாலாவது திட்டியிருப்பாள். இவன் கும்பிடுகிற மாதிரி பார்க்கிறான். அப்படியானால் மெட்டு வரைக்கும், தூக்குப்பாலம் வரைக்கும், ராயப்பன்பட்டி வரைக்கும் அவள் பெரிய மனசுக்காரியாக இருந்துவந்திருக்கிறாள், கோம்பையில் ஒரு மொட்டைமாடியில் பல்பைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு.

"சாமான் இன்னைக்குத் தைச்சு முடியாது போல இருக்கு. நீ கெளம்பு" என்றாள்.

"டப்பா?"

"அதுவும் வேணாம்."

சந்துக்குத் திரும்பி நடந்தபோது புருசனைப் பற்றி அவளுக்கு நினைப்பு வரவில்லை. வரும், பிறகு வரும், ஆயுசுக்கும் இருக்கிறது. இப்போது வந்ததெல்லாம் மடி. கல்யாணமான புதிதில், வீரபாண்டிக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு திரிந்த காலத்தில், பொடியனாக இருந்த ஒச்சாண்டியைப் பிடித்து உட்கார வைத்து, "எம் பிள்ளைக்கு ஒம் மடியிலதான்டா காது குத்து. கால அகட்டாம ஒக்காரப் பழகு" என்பாள். அவன் வெட்கப்பட்டு ஓடுவான். ஆஸ்பத்திரியில் இனி இல்லை என்று சொன்ன பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுத்ததில்லை. மடி மட்டும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எங்கேயோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

*

"வந்துட்டீகளா! பாருங்க" என்று சமது பாய் உற்சாகமாகத் தலையைத் திருகினார். டார்ச் பளீரென்று எரிந்தது. கடைக்குள் பெல்ட்டுகளின் நிழல் சுவரில் ஓடியது. "பின்மூடிக்குள்ள ஒரு பல்பு வேறயா ஒளிச்சு வச்சிருக்கான் அமெரிக்காக்காரன். பழசு அவிஞ்சுட்டா மாத்திக்கிறதுக்கு. புது பேட்டரியோட அதயும் போட்டுட்டேன். இனிமே மலையிலயிருந்து அடிச்சா சென்னைக்கே தெரியும்."

சாபிரா உறையை நீட்டினாள். அளவெடுத்துச் செய்தது என்பது அதுதான். டார்ச் உள்ளே இறங்கியபோது காற்று மெல்லப் புஸ்ஸென்று வெளியேறியது. மூடியை மடித்து அமுக்கினால் டக். பின்னால் அகலமான வார், இரட்டைத் தையலில்.

பவுனு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த வார அறுத்துருங்கக்கா."

மிஷின் நின்றது. "ஏத்தா? தையல் நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"வார எடுத்துட்டா பெல்ட்டுல மாட்ட முடியாதே."

"எனக்குப் பெல்ட்டு ஏதுக்கா?"

சாபிரா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். ஜீப் ஸ்டாண்டுக்குப் போன பொம்பளையும் திரும்பி வந்திருக்கிற பொம்பளையும் ஒருத்தியில்லை என்று தெரிந்ததோ என்னவோ. சமது பாய் எதையோ கேட்க வாயெடுத்தார். "நீங்க போயி டீ சொல்லிட்டு வாங்க" என்றாள் சாபிரா. அவர் போனார்.

கத்தரியின் நுனியால் ஒவ்வொரு தையலாகக் கீறி எடுத்தாள். தோலில் புள்ளி புள்ளியாக ஓட்டை தெரிந்தது. "இந்தத் தடம் மட்டும் போகாது" என்றாள். பிறகு, மெதுவாக, "கயிறு கட்டிக் கழுத்துல மாட்டுற மாதிரி செஞ்சு தரவா? தொலையாது."

"கழுத்துல ஏற்கெனவே ஒண்ணு கெடக்குக்கா. போதும். கையில வச்சுக்கிறேன்."

டீ வந்தது. குடித்தாள். சர்க்கரை போட்டிருந்தார்களா என்றுகூடத் தெரியவில்லை.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டே வந்தாள். உத்தமபாளையம் தாண்டியதும் மலை கூடவே வந்தது. போன வருச ஐப்பசி என்று சமது பாய் சொன்னதும், மூன்று நாலாக ஆனதும் ஒரே காலம் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த மழை முழுக்க விளக்கு ஒழுங்காக வரவில்லை. மழை வெறித்த பிறகு வந்தபோது நாலாக வந்தது. அவள் அதை எண்ணி எண்ணி எத்தனை நாள் தூங்கியிருக்கிறாள். 'அது ஒனக்குன்னு தனியா.' பதில் சொல்வதற்கு முன்னால் சோற்றில் நின்றுபோன அந்தக் கை இப்போது தெரிந்தது. நாலாவது ஒன்று வருகிறது என்பதே அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

காலையில் நனைத்த துணி வாளியில் அப்படியே கிடந்தது. அலசிப் பிழிந்து காயப்போட்டாள். சங்கிலியின் சட்டையையும்தான். சட்டை என்ன செய்தது?

பொழுது இறங்கியதும் மாடிக்கு ஏறினாள். பொடி டப்பாவைக் கைப்பிடிச்சுவரில் வைத்தாள். பல்பைப் போடவில்லை. அடிமனசில் ஒரு கிறுக்கு நப்பாசை இருந்தது. இன்றைக்கு விளக்கு வராமல் போய்விட்டால்? டார்ச் இல்லை, அதனால் வரவில்லை என்று ஆகிவிட்டால்? ஜேசுராஜ் வேறு யாரையோ பார்த்துவிட்டு உளறினான் என்று ஆகிவிட்டால்? மலை நீலமாகி, கறுப்பாகி, வானத்துக்கும் மலைக்கும் நடுவில் ஒரு கோடு மட்டும் மிஞ்சியது. தெருக்கோடியில் ஒரு கோம்பை நாய் குரைத்து ஓய்ந்தது.

விளக்கு வந்தது. எப்போதும் வருகிற இடத்தில், எப்போதும் போல.

ஒன்று. இரண்டு. மூன்று.

கொஞ்சம் பொறுத்து, சின்னதாக, இன்னொன்று.

அந்த மொட்டைமாடியில் நின்றபடியே அவள் காதில் வட்டில் சத்தம் கேட்டது. எவர்சில்வர் வட்டில், சின்னக் கை, மூன்று தட்டு. பிறகு தயங்கி, ஒன்று. கோவிச்சுக்கிறாதக்கா. தம்பி இத்தனை நாளும் இதைத்தான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். அவள்தான் புருசன் கொஞ்சுகிறான் என்று பூரித்துப்போய்ப் பல்பைப் போட்டுப் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

பதில் வராததால் மலையில் மறுபடி எரிந்தது. மூன்று. ஒன்று. மறுபடி, இப்போது அவசரமாக, எண்ணிக்கை தவறி. அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பான். பயப்படத் தெரிந்தவன்தான் அவன். கை தன்னால் பல்பின் சுவிட்சுக்குப் போனது. சுவிட்சு மேலேயே கொஞ்ச நேரம் விரல் கிடந்தது.

கீழேயிருந்து அக்கம்மாள் குரல் கொடுத்தாள். "என்னடி பவுனு, அங்கிட்டு அவன் கண்ணடிச்சுக் கண்ணடிச்சுச் சாகுறான், நீ பதிலுக்கு அடிக்கலையா?"

பவுனு சுவிட்சிலிருந்து விரலை எடுத்தாள். உறையின் பட்டனைத் திறந்தாள். டார்ச்சை உருவித் தலையைத் திருகினாள். வெளிச்சம் விரிந்து, குவிந்து, ஊசிமுனையாயிற்று. இரண்டு கையாலும் பிடித்து, மலை விளிம்பில் அந்தப் பொறி துடிக்கிற இடத்துக்கு நேராக நீட்டினாள். அணைக்கவில்லை. மூன்றும் இல்லை, நாலும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மங்கலான குண்டு பல்பையே பார்த்துப் பழகியவனுக்குக் கீழேயிருந்து இந்த வெள்ளை வெளிச்சம் வந்தால் அது எந்த டார்ச் என்று தெரியும். அது யார் கையில் இருக்கிறது என்றும் தெரியும்.

"கண்ணடிக்கலக்கா" என்றாள், திரும்பாமல். "பாத்துக்கிட்டு இருக்கேன்."

மேலே ஒன்று எரிந்தது. இரண்டாவது பாதியிலேயே அணைந்தது. அப்புறம் மலை முழுக்க ஒரே இருட்டு.

அவள் கையை இறக்கவில்லை. வெளிச்சத்தில் சின்னப் பூச்சிகள் வந்து சுற்ற ஆரம்பித்தன. கை கடுத்தது. காலியான உறையைப் பொடி டப்பாவின் மேல் வைத்துவிட்டு, டார்ச்சை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.